யூரியா லைட் எரிந்தால் எங்கிருந்து பார்க்கத் தொடங்குவது?

பெங்களூருவில் கம்பெனி டிரிப், ஸ்கூல் டிரிப், கூரியர் லோடு என்று டீசல் வேன் ஓட்டுகிறவர்களில் நம்மவர்கள் ஏராளம். கிருஷ்ணகிரி, தருமபுரி, திருவண்ணாமலைப் பக்கமிருந்து வந்து கடன் வாங்கிச் சொந்த வண்டி போட்டவர்கள், ஜே.சி. ரோடு, கலாசிபாளையம் சுற்றுவட்டாரக் கேரேஜ்களில் இப்போதுதான் ஸ்பேனர் பிடிக்கத் தொடங்கியிருக்கும் தம்பிகள், இவர்களை மனதில் வைத்தே இதை எழுதுகிறேன். பழைய புகை விதிப்படி வந்த பி.எஸ். 3, பி.எஸ். 4 வண்டிகளில் கை பழகியவருக்கு இன்ஜின் அத்துப்படி. ஆனால் டேஷ்போர்டில் நீலத் துளிப் படம் (இதுதான் யூரியா லைட்) மின்னி, இன்னும் இத்தனை கிலோமீட்டரில் இன்ஜின் ஸ்டார்ட் ஆகாது என்று எழுத்து ஓடினால் என்ன செய்வதென்று தெரிவதில்லை. பக்கத்தில் நிற்பவர் யாராவது “நாக்ஸ் சென்சார் போச்சு” என்பார். பல ஆயிரம் ரூபாய் கொடுத்து அதை மாற்றுவார்கள். கொஞ்ச நாளில் அதே லைட் மறுபடியும் எரியும்.

இந்தக் கோளாறைப் பொறுத்தவரை, எதை முதலில் பார்க்கிறோம் என்கிற வரிசைதான் உங்கள் பணத்தைக் காப்பாற்றும். முதலில் யூரியா திரவம், பிறகு ஒழுகல், பிறகு ஒயரிங், அதன்பின் பம்ப் அழுத்தம், ஸ்ப்ரே. இவையெல்லாம் சரியென்று உறுதியான பிறகே சென்சாரையும் கேட்டலிஸ்ட்டையும் சந்தேகப்பட வேண்டும். செலவு குறைந்த சோதனையில் தொடங்கி செலவு கூடியதில் முடிகிற வரிசை இது. கோளாறு அடிக்கடி அகப்படுவதும் இதன் முதல் பாதியில்தான்.

உள்ளே என்ன நடக்கிறது

2020 ஏப்ரல் 1 முதல் நாடு முழுக்க பி.எஸ். 6 (பாரத் ஸ்டேஜ் 6) புகை விதி வந்தது. இன்ஜினுக்குள் கடும் சூட்டில் டீசல் எரியும்போது காற்றிலுள்ள நைட்ரஜனும் ஆக்ஸிஜனும் சேர்ந்து நைட்ரஜன் ஆக்சைடுகளாகின்றன. இதைத்தான் நாக்ஸ் என்கிறோம். மூச்சுக்குழாயை எரிச்சலூட்டும், ஆஸ்துமாக்காரர்களைப் படுத்தும் வாயு இது. இதைக் குறைக்கத்தான் டி.இ.எஃப். திரவம். எடைக்கணக்கில் 32.5 சதவீதம் மிகத் தூய யூரியா, மீதி 67.5 சதவீதம் அயனி நீக்கிய தண்ணீர். ஆட்ப்ளூ என்று கேனில் போட்டிருப்பதும் இதே சரக்குதான். நம் டிரைவர்கள் வெறுமனே யூரியா என்பார்கள்.

டேங்கிலிருந்து பம்ப் இதை உறிஞ்சி, ஃபில்டர் வழியாக, பிளாஸ்டிக் லைனில் அழுத்தத்தோடு அனுப்புகிறது. சைலன்சர் குழாயில் பொருத்தியிருக்கும் டோசிங் இன்ஜெக்டர் அதைப் புகைக்குள் பனிபோலத் தெளிக்கிறது. சூட்டில் யூரியா உடைந்து அம்மோனியா ஆகிறது. அந்த அம்மோனியா, சைலன்சர் குழாயில் இருக்கும் எஸ்.சி.ஆர். கேட்டலிஸ்ட் என்ற வினையூக்கிப் பெட்டிக்குள் நாக்ஸோடு சேர்ந்து வினைபுரிய, கடைசியில் வெளியே வருவது நைட்ரஜனும் நீராவியும். கேட்டலிஸ்ட்டுக்கு முன்னால் ஒரு நாக்ஸ் சென்சார், பின்னால் ஒன்று என்று பெரும்பாலான வண்டிகளில் இரண்டு இருக்கும். முன்னால் எவ்வளவு, பின்னால் எவ்வளவு என்று ஒப்பிட்டுத்தான் சிஸ்டம் வேலை செய்கிறதா என்று ஈ.சி.யு. (இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டர்) முடிவு செய்கிறது. எனவே சென்சார் பெயரில் வரும் கோட் (ஈ.சி.யு. பதிவு செய்யும் கோளாறு எண்) எல்லாம் சென்சாரின் குற்றம் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. நடந்ததைச் சொல்ல வந்த சாட்சியையே தூக்கி உள்ளே போடும் வேலை அது.

சில சிறிய டீசல் இன்ஜின்கள் டி.இ.எஃப். இல்லாமல் வேறு வகைக் கேட்டலிஸ்ட்டை வைத்தே பி.எஸ். 6 விதியைச் சமாளிக்கின்றன. உங்கள் வண்டியில் டீசல் மூடி தவிர நீல மூடி ஒன்று தனியாக இருந்தால்தான் இந்தக் கட்டுரை உங்களுக்குப் பொருந்தும்.

நம் ஊர் டிராஃபிக் செய்யும் வேலை

மானுவலில் அழுத்திச் சொல்லாத, பெங்களூரு ஓட்டுநர் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. புகையின் சூடு ஏறக்குறைய 200 டிகிரியை நெருங்கினால்தான் இந்தச் சிஸ்டம் ஒழுங்காகத் தெளிக்க முடியும். சில்க் போர்டிலிருந்து மாரத்தஹள்ளிவரை ஊர்ந்து போகிற வண்டி, டெக் பார்க் வாசலில் ஏசியைப் போட்டு ஐடிலிங்கில் நிற்கிற வண்டி, இவற்றின் சைலன்சர் அந்தச் சூட்டைத் தொட்டும் தொடாமலும் கிடக்கும். காய்ந்த தோசைக்கல்லில் தெளித்த தண்ணீர் உஸ்ஸென்று ஆவியாகிவிடும், ஆறின கல்லில் அப்படியே தேங்கி நிற்கும் இல்லையா? அதே கதைதான். ஆறின குழாயில் விழுந்த யூரியா முழுதாக உடையாமல், வெள்ளைக் கட்டியாக இன்ஜெக்டர் மூக்கிலும் குழாய்ச் சுவரிலும் படிகிறது. கட்டி வளர வளர ஸ்ப்ரே கோணல் ஆகும், கோணல் ஆக ஆகக் கட்டி இன்னும் வளரும்.

ஆகவே ஒரே மாடல் வண்டி, ஒரே கம்பெனி திரவம், ஓசூர் ரோட்டில் சேலம்வரை ஓடுகிற வண்டிக்கு வராத கோளாறு ஊருக்குள்ளேயே சுற்றும் வண்டிக்கு வருகிறது. கேரேஜுக்கு வண்டி வந்ததும் முதலில் கேட்க வேண்டிய கேள்வி: “எந்த ரூட்ல ஓடுது அண்ணே?”

லைட் எரிந்தவுடன்

டேஷ்போர்டை ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். எந்த லைட், என்ன எழுத்து, ஓடோமீட்டர் எவ்வளவு என்பது மூன்றும் அதில் தெரிய வேண்டும். வெறும் லெவல் குறைவு எச்சரிக்கையென்றால் நல்ல டி.இ.எஃப். ஊற்றினால் போதும். சில வண்டிகள் ஒன்றிரண்டு லிட்டர் ஊற்றினால் ஊற்றியதாகவே கணக்கில் எடுத்துக்கொள்ளாது, ஐந்து லிட்டருக்குக் குறையாமல் ஊற்றுங்கள். ஊற்றிய கையோடு ஸ்டார்ட் செய்யாமல், சாவியை ஆன் நிலையில் ஒரு நிமிடம் வைத்தால் லெவல் சென்சார் புது அளவைப் படித்துக்கொள்ளும். கழுத்துவரை நிரப்ப வேண்டாம். திரவம் மூச்சுவிடும் குழாய்க்குள் ஏறினால் அதுவே தனிக் கோளாறு ஆகும்.

கிலோமீட்டர் எண்ணிக்கை குறைந்துகொண்டே வந்தால் விஷயம் வேறு. முதலில் எச்சரிக்கை, பிறகு பிக்கப் குறைப்பு, கடைசியில் சில வண்டிகளில் மறு ஸ்டார்ட் தடை என்று படிப்படியாக இறுக்கும். எண்ணிக்கை சுழியத்தைத் தொட்ட வண்டியை நடுவழியில் ஆஃப் செய்தால் அங்கேயே நின்றுவிடலாம். டிரிப்பை முடித்து, ஆட்களை இறக்கி, நேரே கேரேஜுக்கு வாருங்கள்.

இன்னொன்று. இன்ஜினை நிறுத்திய பிறகும் வண்டியின் பின்பக்கமோ டேங்க் பக்கமோ ஒரு நிமிடம், ஒன்றரை நிமிடம் ஊம் என்று சத்தம் வரும். பம்ப், லைனில் மிச்சமிருக்கும் திரவத்தை டேங்குக்குத் திருப்பி இழுக்கும் சத்தம் அது. நிறைய டிராவல்ஸ் வண்டிகளில் பேட்டரி கட்-ஆஃப் சுவிட்ச் போட்டிருக்கிறார்கள். சாவியை எடுத்த கையோடு அதையும் தட்டிவிட்டால் திரவம் லைனிலும் இன்ஜெக்டரிலும் நின்று காய்ந்து உப்பாகப் பூத்துவிடும். சத்தம் அடங்கட்டும், பிறகு சுவிட்சைத் தொடுங்கள். இந்த ஒரு பழக்கத்தை டிரைவருக்குச் சொல்லிக்கொடுத்தாலே சில இன்ஜெக்டர்கள் பிழைக்கும்.

கோளாறுக் கோட்களைப் படிப்பது

ஈ.சி.யு.வைப் படிக்கும் கருவியான ஸ்கேனரை மாட்டினால் எல்லாக் கோட்களையும் எழுதிக்கொள்ளுங்கள், கூடவே ஃப்ரீஸ் ஃப்ரேம் டேட்டாவையும். கோளாறு பதிவான நேரத்தில் வேகம், கூலன்ட் சூடு, லோடு என்ன என்பது அதில் இருக்கும். அழித்துவிட்டுப் பார்க்கலாம் என்ற ஆசை வரும். அழித்தால் தடயமும் போகும், எழுதாமல் அழிக்காதீர்கள்.

அடிக்கடி பார்க்கும் கோட்கள் சில: பி203எஃப் என்றால் திரவத்தின் லெவல் குறைவு. பி207எஃப் என்றால் திரவத்தின் தரம் சரியில்லை. பி20இ8 என்றால் அழுத்தம் போதவில்லை. பி20இஇ என்றால் கேட்டலிஸ்ட்டின் திறன் குறைந்திருக்கிறது. பி2200, பி229இ இரண்டும் முன் சென்சார், பின் சென்சார் சர்க்யூட் பற்றியவை. இதில் புதியவர்களை ஏமாற்றுவது பி20இஇ. கேட்டலிஸ்ட் என்ற சொல்லைப் பார்த்ததும் கேட்டலிஸ்ட்டுக்கு ஆர்டர் போட்டுவிடுவார்கள். அந்தக் கோட் சொல்வது இவ்வளவுதான்: வெளியே வரும் நாக்ஸ் எதிர்பார்த்த அளவுக்குக் குறையவில்லை. தண்ணீர் கலந்த திரவம், அடைத்த இன்ஜெக்டர், சைலன்சர் கேஸ்கெட் லீக் என்று எதனாலும் அது வரும்.

பல கோட்கள் ஒன்றாக வந்திருந்தால் சர்க்யூட் கோட், வோல்டேஜ் கோட், கம்யூனிகேஷன் கோட் இவற்றை முதலில் எடுங்கள். திறன் பற்றிய கோட்கள் பெரும்பாலும் இவற்றின் பின்விளைவுதான். பேட்டரி வோல்டேஜையும் அப்போதே பார்த்துவிடுங்கள். செத்துக்கொண்டிருக்கும் பேட்டரி இல்லாத பொல்லாத கோடெல்லாம் கிளப்பும்.

திரவத்தைச் சோதிப்பது

எல்லாச் சோதனையிலும் இதற்குத்தான் நான் அதிக நேரம் கொடுப்பேன்.

சுத்தமான கண்ணாடிக் குப்பியில் டேங்கிலிருந்து கொஞ்சம் எடுத்து வெளிச்சத்தில் பிடியுங்கள். டி.இ.எஃப். தண்ணீர்போலத் தெளிவாக இருக்க வேண்டும், லேசான அம்மோனியா வாடை இருக்கலாம். மஞ்சள், பச்சை, கலங்கல், அடியில் மண்டி, மேலே எண்ணெய்ப் படலம் எது தெரிந்தாலும் அந்தத் திரவம் ஆகாது. டீசல் கலந்திருக்குமோ என்று சந்தேகம் வந்தால் ஒரு சொட்டை வெள்ளைத் தாளில் விட்டுக் காயவிடுங்கள், எண்ணெய்க் கறை தங்கினால் சந்தேகம் உறுதி.

அடுத்து, திரவத்தின் செறிவை அளக்கும் ரிஃப்ராக்டோமீட்டர். கூலன்ட், பேட்டரி ஆசிட் பார்க்கும் கையடக்கக் கருவிகள் பலவற்றில் டி.இ.எஃப். அளவுகோலும் இருக்கும், பார்த்து வாங்குங்கள். முதலில் கண்ணாடி முகத்தைத் துடைத்து டிஸ்டில்டு வாட்டர் இரண்டு சொட்டு விட்டுச் சுழியம் காட்டுகிறதா என்று பாருங்கள். பிறகு துடைத்து, டி.இ.எஃப். இரண்டு சொட்டு விட்டு, மூடியைச் சாய்த்துக் காற்றுக்குமிழ் இல்லாமல் மூடி, வெளிச்சத்தை நோக்கிப் பிடியுங்கள். நீலமும் வெள்ளையும் சந்திக்கும் கோடு 32.5-ஐ ஒட்டி நிற்க வேண்டும். ஐ.எஸ்.ஓ. 22241 தரம் அனுமதிப்பது 31.8 முதல் 33.2 வரை. அதற்குக் கீழே போனால் யாரோ தண்ணீர் கலந்திருக்கிறார்கள், மேலே போனால் தண்ணீர் ஆவியாகியிருக்கிறது அல்லது வேறேதோ கரைந்திருக்கிறது.

எலக்ட்ரானிக் சிட்டி ரூட் வண்டி ஒன்று, இரண்டு இடங்களில் பார்த்து, சென்சார் மாற்றச் சொல்லிக் கொட்டேஷனும் வாங்கிக்கொண்டு கடைசியாக வந்தது. கண்ணாடியில் கோடு 24-க்குப் பக்கத்தில் நின்றது. “போன வாரம்தான் அண்ணே ஃபுல் பண்ணேன்” என்றார் டிரைவர். அந்தக் கேனைக் கொண்டுவரச் சொன்னோம். வெள்ளைக் கேன், நீல ஸ்டிக்கர், பேட்ச் நம்பரும் இல்லை, தயாரித்த தேதியும் இல்லை. டேங்கை முழுதும் இறக்கி, டிஸ்டில்டு வாட்டர் விட்டு அலசி, ஃபில்டர் மாற்றி, நல்ல திரவம் ஊற்றினோம். சென்சார் இரண்டும் பழையவைதான், வண்டி சரியாகிவிட்டது.

ரிஃப்ராக்டோமீட்டர் 32.5 காட்டினாலும் திரவம் நல்லது என்று முழுச் சான்றிதழ் கொடுக்காது. அது செறிவை மட்டும் பார்க்கும். உப்புத்தன்மை, உலோகம், பையூரெட் (யூரியா தயாரிப்பில் உண்டாகும் வேண்டாத உபபொருள்) இவை அதற்குத் தெரியாது. இங்கேதான் வீட்டிலேயே தயாரிக்கும் ஆசை ஆபத்தாகிறது. உரக்கடை யூரியாவை போர் தண்ணீரில் கரைத்து 32.5 வரும்படி செய்துவிடலாம், கோடும் சரியாகவே நிற்கும். ஆனால் விவசாய யூரியா நம் நாட்டில் வேப்பெண்ணெய் பூசி வருகிறது, பையூரெட்டும் அதில் அதிகம். பெங்களூரு போர் தண்ணீரில் கால்சியமும் மெக்னீசியமும் எவ்வளவு என்று உங்கள் வீட்டு பக்கெட்டில் படியும் வெள்ளைக் கறையே சொல்லும். இவையெல்லாம் இன்ஜெக்டர் துளையில் கட்டி, கேட்டலிஸ்ட் முகத்தில் படிந்தால் கழுவி எடுக்க வழியில்லை. ஆர்.ஓ. கேன் தண்ணீரும் இதற்குத் தகாது. போதாததற்கு, விவசாயிக்காக மானியம் கொடுத்து விற்கும் யூரியாவை இப்படித் திருப்பிவிடுவது சட்டப்படி குற்றம்.

கேன் வாங்கும்போது ஐ.எஸ்.ஓ. 22241, பேட்ச் எண், தேதி, உடையாத சீல் நான்கையும் பாருங்கள். 30 டிகிரிக்குள் வைத்தால் திரவம் ஏறக்குறைய ஒரு வருடம் தாங்கும், 35 டிகிரியில் ஆறு மாதம்தான். பெங்களூரு வானிலை இதற்குத் தோதானது. ஆனால் மே மாதம் வேலூர், சென்னை டிரிப் போகும் வண்டியின் டிக்கியில் கேனை மாதக்கணக்கில் வைத்திருந்தால் அந்தக் கணக்கு செல்லாது. கூலன்ட், எண்ணெய் ஊற்றிய புனலை யூரியாவுக்கு எடுக்காதீர்கள், தனிப் பிளாஸ்டிக் புனல் வையுங்கள். பித்தளை, செம்பு, கால்வனைஸ் பாத்திரம் கூடாது.

டீசலை யூரியா டேங்கில் ஊற்றிவிட்டால் சாவியைப் போடவே வேண்டாம். சாவி ஆன் ஆனதும் பம்ப் ஓடத் தொடங்கி, ரப்பர் சீல், டயஃப்ராம் எல்லாவற்றிலும் டீசலைக் கொண்டுபோய்ச் சேர்த்துவிடும். மாறி யூரியாவை டீசல் டேங்கில் ஊற்றினாலும் அப்படியே டோ செய்யுங்கள். ஹைபிரஷர் பம்ப் போனால் செலவு பெரிது.

வெள்ளைப் பொடி எங்கே இருக்கிறது

திரவம் நன்றாக இருந்தால் வண்டிக்கு அடியில் டார்ச்சோடு படுங்கள். சைலன்சர் ஆறியிருக்கட்டும், கையுறையும் கண்ணாடியும் இருக்கட்டும். டேங்க் மூடி, பம்ப் ஜாயின்ட், லைன் கப்ளிங், இன்ஜெக்டர் அடி என்று ஒவ்வொன்றாகப் பாருங்கள். யூரியா ஒழுகினால் தண்ணீர் ஆவியாகி வெள்ளைப் படிகம் தங்கிவிடும், ஒழுகல் தானே தன் இடத்தைக் காட்டிக்கொடுக்கும். வெதுவெதுப்பான தண்ணீர் விட்டால் கரையும். கழுவி, ஓட்டி, மறுபடி எங்கே பூக்கிறது என்று பார்த்தால் ஓட்டை எது என்று தெரிந்துவிடும்.

இன்ஜெக்டரைச் சுற்றிப் பூத்திருந்தால் கேஸ்கெட் தளர்ந்திருக்கும். கழற்றினால் புது கேஸ்கெட்தான் போட வேண்டும், பழையதைத் திருப்பிப் போடாதீர்கள். இன்ஜெக்டர் மூக்கிலுள்ள கட்டியைக் கம்பியாலும் ஊசியாலும் குத்தாமல் சூடான டிஸ்டில்டு வாட்டரில் ஊறவையுங்கள். குழாய்க்குள் வெகுநாள் சூடுபட்டு இறுகிய கட்டி தண்ணீரில் கரையாது. அதற்கு ஸ்கேனர் வழியாகச் சர்வீஸ் ரீஜென் கொடுத்து அதிகச் சூட்டில் எரித்து எடுக்க வேண்டும், திறந்தவெளியில், பக்கத்தில் காய்ந்த குப்பை இல்லாத இடத்தில்.

ஒயரிங்

ஃபியூஸ், ரிலே, எர்த் மூன்றும் முதலில். பிறகு ஒவ்வொரு கப்ளரையும் கழற்றி உள்ளே பாருங்கள். பம்ப் கப்ளரின் பின் ஒன்றில் பச்சையோ நீலமோ பூத்திருந்தால் நின்று நிதானியுங்கள். யூரியா செம்பை அரிக்கும். அதைவிடக் கெட்ட குணம் ஒன்று அதற்கு உண்டு: ஒயரின் மேல்தோலுக்குள் செம்பு இழைகளைப் பிடித்துக்கொண்டே தூரத்துக்கு ஏறிப்போகும். கப்ளரைச் சுத்தம் செய்துவிட்டு முடிந்தது என்று நினைத்தால் ஒரு மாதத்தில் ஒரு அடி தள்ளி அதே ஒயர் அறுந்திருக்கும். தோலைக் கொஞ்சம் உரித்துப் பாருங்கள், செம்பு பளபளவென்று தெரியும் இடம்வரை வெட்டி எறிந்துவிட்டுப் புது ஒயர் சேருங்கள்.

நாக்ஸ் சென்சார் ஈ.சி.யு.வோடு பேசுவது கேன் (CAN) லைன் என்ற இரட்டைத் தகவல் ஒயரில். கம்யூனிகேஷன் கோட் வந்தால் பேட்டரியைக் கழற்றி (பம்ப் சத்தம் அடங்கிய பிறகு) கேன் ஒயர் இரண்டுக்கும் நடுவே மல்டிமீட்டரால் ரெசிஸ்டன்ஸ் பாருங்கள். 60 ஓம் அளவில் வந்தால் லைன் நலம். 120 வந்தால் ஒரு பக்க டெர்மினேட்டர் (லைன் முனையில் இருக்கும் 120 ஓம் ரெசிஸ்டர்) தொடர்பில் இல்லை. மழைக்காலத்தில் தண்ணீர் தேங்கிய அண்டர்பாஸைக் கடந்து வந்த வண்டி, எலி புகுந்த வண்டி இரண்டிலும் இதைப் பார்க்காமல் அடுத்த படிக்குப் போகாதீர்கள்.

டேங்க் ஹீட்டர் உள்ள வண்டிகளில் அதன் சர்க்யூட் அறுந்தாலும் லைட் எரியும். திரவம் உறைவது மைனஸ் 11 டிகிரியில், பெங்களூருவில் அந்த ஹீட்டருக்கு வேலையே இல்லை. ஆனாலும் ஈ.சி.யு. அதைச் சோதிக்கும், கோட் போடும். குளிர் இல்லாத ஊரில் ஹீட்டர் எதற்கு என்று அதை ஒதுக்கிவிடாதீர்கள்.

அழுத்தமும் ஸ்ப்ரேயும்

ஸ்கேனரின் லைவ் டேட்டாவில் டி.இ.எஃப். பிரஷரைத் திறந்து பம்பை இயக்குங்கள். வண்டிக்கு வண்டி மாறும், 5 பார் சிலவற்றில், 9 பார் சிலவற்றில். உங்கள் மாடலின் சர்வீஸ் மானுவல் சொல்லும் எண்ணே கணக்கு. அழுத்தம் ஏறி அங்கேயே அசையாமல் நின்றால் பம்ப் நன்றாக இருக்கிறது. மெதுவாக ஏறினால் ஃபில்டர் அடைப்பு. ஏறி ஏறி இறங்கினால் உறிஞ்சும் பக்கத்தில் காற்று புகுகிறது அல்லது இன்ஜெக்டர் மூடாமல் கசிகிறது. ஏறவே இல்லையென்றால் பம்புக்கு வோல்டேஜ் வருகிறதா என்று அளந்துவிட்டுப் பிறகு பம்பைக் குறை சொல்லுங்கள்.

அழுத்தம் சரியென்றால் டோசிங் டெஸ்ட். இன்ஜெக்டரைச் சைலன்சரிலிருந்து கழற்றி, லைனும் கப்ளரும் மாட்டியபடியே, அளவுக் குப்பிக்குள் வைத்து ஸ்கேனரில் டெஸ்ட்டை ஓட்டுங்கள். இரண்டு விஷயம் பார்க்க வேண்டும். வந்த அளவு மானுவல் சொல்லும் அளவோடு ஒத்துப்போகிறதா? துளைகள் எல்லாவற்றிலிருந்தும் ஒரே மாதிரி பனிபோல வருகிறதா, ஒன்று மட்டும் தாரையாக ஒழுகுகிறதா? டெஸ்ட் முடிந்த பிறகும் மூக்கில் சொட்டு விழுந்துகொண்டே இருந்தால் அந்த இன்ஜெக்டர் மூடவில்லை, குழாயில் கட்டி வளர்ந்ததற்கு அதுவே காரணம்.

டிரைவரின் கணக்கு நோட்டும் இங்கே உதவும். 100 லிட்டர் டீசலுக்கு ஏறக்குறைய 3 முதல் 6 லிட்டர் டி.இ.எஃப். செலவாகும். மாதக்கணக்கில் யூரியாவே குறையவில்லை என்று ஒருவர் சந்தோஷமாகச் சொன்னால், சிஸ்டம் தெளிக்கவே இல்லை என்று பொருள்.

கடைசியாக சென்சார்

இன்ஜின் நன்றாகச் சூடாகும்வரை நாக்ஸ் சென்சார் எண் காட்டாது. ஈரம் பட்டால் உள்ளேயிருக்கும் செராமிக் வெடித்துவிடும் என்பதால் குழாய் காய்ந்த பிறகே அது தன் ஹீட்டரை முழுதாக ஏற்றிக்கொள்ளும். ஆகவே ஆறின வண்டியில் சென்சார் டெட் என்று தீர்ப்புச் சொல்வது தவறு. லோடோடு ஓட்டி, ஒருவர் ஸ்கேனரைப் பார்க்க வேண்டும். டோசிங் ஓடும்போது முன் சென்சார் சில நூறு பி.பி.எம். காட்டினால் பின்னது அதைவிட மிகக் குறைந்து சில பத்துகளில் நிற்க வேண்டும். ஆக்ஸிலேட்டரை முழுதாக விட்டு கியரிலேயே வண்டியை ஓடவிட்டால் டீசல் நிற்கும், இரண்டு சென்சாரும் சுழியத்தை நோக்கி இறங்க வேண்டும். ஒன்று மட்டும் பிடிவாதமாக மேலேயே நின்றால் அப்போது அதைச் சந்தேகப்படலாம்.

ஒரு சிக்கலையும் நினைவில் வையுங்கள். பின் சென்சாருக்கு அம்மோனியாவும் நாக்ஸும் ஒன்றாகத்தான் தெரியும். இன்ஜெக்டர் அதிகம் கசிந்து அம்மோனியா மிஞ்சிப்போனாலும் நாக்ஸ் அதிகம் என்றே அது சொல்லும். கேட்டலிஸ்ட்டுக்கு முன்னால் புகை லீக் இருந்தாலும், ஈ.ஜி.ஆர். (புகையில் ஒரு பங்கை இன்ஜினுக்கே திருப்பி அனுப்பும் அமைப்பு) வேலை செய்யாமல் இன்ஜினே அதிக நாக்ஸ் துப்பினாலும் கணக்கு குழம்பும். இவற்றை ஒதுக்கிய பிறகும் சென்சார்தான் என்று உறுதியானால், மாடலுக்குரிய பார்ட் நம்பரில் வாங்கி, மாட்டிய பிறகு ஸ்கேனரில் பழைய அடாப்டேஷனை (பழைய சென்சாருக்காக ஈ.சி.யு. பழகி வைத்த கணக்கை) ரீசெட் செய்யுங்கள். சென்சாரும் அதன் சின்னப் பெட்டியும் ஒயரோடு ஒரே ஜோடி, வெட்டி ஒட்டிப் பயன்படுத்த முடியாது.

இந்தக் கட்டத்தில் செலவைக் கேட்டு மனம் தளரும்போது யாராவது எமுலேட்டர் போடச் சொல்வார்கள். ஒரு சின்னப் பெட்டி, எல்லாம் நலம் என்று ஈ.சி.யு.வுக்குப் பொய் சொல்லும், யூரியாவே வேண்டாம் என்பார்கள். தயவுசெய்து போடாதீர்கள். தயாரிப்பாளர் கொடுத்த அமைப்பை மாற்றுவது மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவுக்கு விரோதம், 2019 திருத்தத்தின்படி அபராதமோ சிறையோ உண்டு. இதைவிட எனக்குப் பெரிதாகப் படுவது வேறு. நாள் முழுக்க அதே ரோட்டில், அதே புகைக்கு நடுவில் ஜன்னலைத் திறந்து உட்கார்ந்திருப்பவர் நம் டிரைவர்தான். ஸ்கூல் வேனுக்குப் பின்னால் நடந்து போவதும் நம் பிள்ளைகள்தான்.

சரிபார்த்து வண்டியைக் கொடுப்பது

வேலை முடிந்து கோட்களை அழித்தால் லைட் அணையும். அத்தோடு சாவியைக் கொடுத்து அனுப்பிவிட வேண்டாம். கேட்டலிஸ்ட் திறனை ஈ.சி.யு. மறுபடி சோதிக்கச் சூடும் சீரான வேகமும் தேவை. விடியற்காலையில் எலக்ட்ரானிக் சிட்டி மேம்பாலம் ஏறி அத்திப்பள்ளி தாண்டியோ, நெலமங்களா தாண்டித் துமகூரு ரோட்டிலோ, கொஞ்சம் லோடோடு அரை மணி நேரம் ஒரே வேகத்தில் ஓட்டுங்கள். லைவ் டேட்டாவில் புகைச் சூடு, டோசிங் அளவு, இரண்டு சென்சார் எண்கள் நான்கையும் பதிவு செய்யுங்கள். திரும்பி வந்து நிறுத்தியதும் பம்ப் திருப்பி இழுக்கும் சத்தம் கேட்கிறதா, இன்ஜெக்டர் அடியில் ஈரம் இருக்கிறதா என்று பாருங்கள்.

அன்றிரவு வண்டி ஆறட்டும். மறுநாள் காலை ஆறின இன்ஜினை ஸ்டார்ட் செய்து, வழக்கமான டிரிப் ரூட்டில் ஒரு சுற்று போய்வந்து, ஸ்கேனரில் பெண்டிங் கோட் பகுதியைத் திறந்து பாருங்கள். சில கோட்கள் இரண்டு மூன்று சுற்று கழித்துத்தான் லைட்டாக வரும், பெண்டிங்கில் முன்னதாகவே தலைகாட்டும். அங்கே ஒன்றும் இல்லையென்றால் ரிஃப்ராக்டோமீட்டர் காட்டிய எண், அழுத்தம், டோசிங் அளவு, ஓடோமீட்டர் இவற்றை ஜாப் கார்டில் எழுதி ஒரு காப்பியை டிரைவர் கையில் கொடுங்கள். அடுத்த முறை வேறு ஊரில், வேறு கேரேஜில் லைட் எரிந்தாலும் அந்தத் தாளைப் பார்க்கிற மெக்கானிக் நடுவிலிருந்தே வேலையைத் தொடங்கலாம்.